கேட்டுக் குடித்த தண்ணீர்

“மேட்டுத்தரை. 1986 யூலை. எல்லாம் குடிக்குதுகள்.”

ஒரு வண்ணப் புகைப்படத்தின் பின்புறத்தில் அண்ணனின் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. படத்தில் கறுப்பும் வெள்ளையுமான, இன்னும் கன்று போடாத நாகு மாடுகள் ஓர் ஓடைக்கரையில் வரிசையாக நிற்கின்றன. முன்னால் நிற்கும் நாகு இரும்புக் கிண்ணமொன்றுக்குள் மூஞ்சியை நுழைத்திருக்கிறது. அண்ணன் படத்தில் இல்லை, எடுத்தவர் அவர். ஊரிலிருந்த அம்மாவுக்கு அனுப்பிய படம் இது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு அவரது பெட்டியோடு எங்களிடம் திரும்பி வந்தது. ஆண்டையும் மாதத்தையும் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. அண்ணி டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தது அவ்வாண்டு மே மாதம். படத்தின் ஓரத்தில் வேலிக்கட்டையைப் பிடித்தபடி நிற்கும் சிவப்புச் சட்டைச் சிறுமி அவர்களின் மூத்த மகள்.

அண்ணனின் ஆண்டுத் திவசத்துக்கு இந்த நினைவு மலரை வெளியிடத் தீர்மானித்தபோது, அவரது கோயில் பணிகளையும் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்த காலத்தையும் எழுத மற்றவர்கள் முன்வந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தண்ணீர். மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும் இடமே மனிதன் வாழும் இடத்தைத் தீர்மானிக்கும் என்று நம்பி வளர்ந்த ஒருவர் இந்தப் படத்தை எடுக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை, எனக்குத் தெரிந்த அளவில், காலவரிசைப்படி பதிகிறேன்.

அண்ணன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் 1948 பங்குனி. சாதகத்தில் அதற்கு முந்திய மாசி. அம்மா சாதகத்தை நம்பினார். டென்மார்க்கின் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகம் சான்றிதழை நம்பியது. ஆகவே அண்ணனுக்கு ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள்கள். இரண்டிலும் அவர் கேக் வெட்டியதில்லை, இரண்டிலும் சாப்பிட்டார்.

எங்கள் குடும்பத்துக்கு வயல் கொஞ்சம், மாடு நிறைய. மாட்டுக்காரனின் ஆண்டு தண்ணீரின் ஆண்டு. மாரியில் எங்கும் தண்ணீர். மாடு வயலுக்குள் இறங்காமல் காப்பதே வேலை. வைகாசி பிறந்தால் கதை மாறும். மேற்கே மலையடிவாரம் வரைக்கும் புல் காய்ந்தாவது கிடக்கும். ஆனால் காலையில் குடித்த மாடு மாலையில் திரும்பி வந்து குடிக்கக்கூடிய தூரம் வரைக்குமே அந்தப் புல் புல்லாகும். அதற்கு அப்பால் உள்ளது கண்ணுக்கு மட்டும். பட்டியை எங்கே அடைப்பது, கன்று போட்ட மாடுகளை எங்கே நிறுத்துவது, நாம்பன் காளைகளை எவ்வளவு தூரம் போகவிடுவது, எல்லாவற்றையும் தண்ணீரே சொன்னது. ஆறு வற்றியதும் ஆற்றுமணலில் பூவல் தோண்டுவார்கள். அந்தக் குழியில் ஊறும் நீரை இறைத்து மரத்தொட்டியில் விட்டால் மாடு குடிக்கும். பூவல் தோண்டியவருக்கு அதைச் சுற்றியுள்ள மேய்ச்சலில் அந்தப் பருவத்துக்கு முதல் உரிமை. ஆனால் தாகத்தோடு வந்த மாட்டை, அது எந்தக் குலக்குடியின் குறி சுட்ட மாடாக இருந்தாலும், அவர் மறிப்பதில்லை. புல்லுக்கு உரிமை பேசலாம். தண்ணீருக்குப் பேச முடியாது.

அண்ணன் எட்டாம் வகுப்போடு அப்பாவின் பட்டிக்குப் போய்விட்டார். நான் படித்தேன். மாடுகளைப் பற்றி எங்கேயோ வாசித்த ஒன்றை நான் எடுத்துச் சொன்னால், “தம்பி, நீ புத்தகத்தில மாடு மேய்ச்சவன். கொம்பு எந்தப் பக்கம் எண்டு கேட்டாப் பக்கம் புரட்டுவாய்” என்பார்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு மேய்ச்சல் தரைக்குப் போனவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லாமல் போயிற்று. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பட்டி சிதறியது, சில மாடுகள் விலைப்பட்டன, பல காணாமற்போயின. 1984 தொடக்கத்தில் அண்ணனும் நானும் டென்மார்க் வந்தோம். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் நின்றார்கள். முதலில் ஸ்கீவவில் சில மாதங்கள், பிறகு சில்க்போர்க். வதிவிட அனுமதி கிடைத்ததும் அண்ணனுக்குத் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலையும் கிடைத்தது. அதே வேகத்தில் குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பத்தையும் கொடுத்தார். அதன் பிறகு அவர் வாழ்ந்தது அந்தப் பதிலுக்காக.

தொழிற்சாலையில் பலகை ஏற்றும் வண்டியை ஓட்டியவர் நீல்ஸ். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு சிறு பண்ணை இருந்தது. அண்ணன் மாட்டுக்காரர் என்று அறிந்ததும் ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். ஏரிகள் சூழ்ந்த சில்க்போர்க்கில் தண்ணீர்த் தட்டுப்பாடா என்று கேட்பவர்கள் நீல்ஸின் மேட்டுத்தரையைப் பார்த்ததில்லை. சுற்றிலும் புதர் மண்டிய மணல்மேடுகள்; அவற்றின் நடுவே, உயரத்தில், கிண்ணம்போலக் குழிந்த ஒரு பரந்த புல்தரை. கிண்ணம் என்றாலும் தண்ணீர் நில்லாத கிண்ணம். பெய்த மழையை மணல் மறுநாளே குடித்துவிடும். நீல்ஸ் தன் நாகுகளைக் கோடை முழுவதும் அங்கே விட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் ட்ரக்டரில் தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு ஏறுவார். தரையில் இருந்த புல் அதைப்போல இரண்டு மடங்கு மாட்டுக்குக் காணும். தாங்கி கொண்டுபோன தண்ணீர் அவ்வளவுக்குத்தான் காணும். ஆகவே மாடும் அவ்வளவுதான்.

அண்ணன் மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். சரிவின் அடியில் ஒரு புல்வெளி. அதன் ஓரத்தில் தெளிந்த ஓடை.

“அங்க ஓடுறது தண்ணி தானே? மறுகா என்னத்துக்கு இந்த மனிசன் இரும்பு வண்டியில தண்ணி சுமக்கிறான்?” என்று என்னிடம் கேட்டார்.

நான் டேனிஷில் கேட்டேன். நீல்ஸ் தோளைக் குலுக்கினார். “அது அக்ஸெலின் நிலம்” என்றார். பிறகு காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அக்ஸெலும் அவரும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

1985 யூலையில், தொழிற்சாலைகள் மூடப்படும் கோடை விடுமுறையில், நீல்ஸ் மகளின் திருமணத்துக்காகச் சில நாள்கள் வெளியூர் போனார். மாடுகளை அண்ணனிடம் ஒப்படைத்தார். அண்ணன் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததை டென்மார்க்கில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “பாத்தியா, திரும்பவும் பட்டிக்காரன்” என்றார். ட்ரக்டர் ஓட்டவும் தாங்கி நிரப்பவும் நீல்ஸ் கற்றுக்கொடுத்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ட்ரக்டர் நின்றுபோகும் வரைக்கும். ஒருநாள் மாலை, மேட்டிலிருந்த தொட்டியை நிரப்பிவிட்டு வெறுந்தாங்கியோடு இறங்கும் வழியில் இயந்திரம் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான். மறுநாள் பகல் வெயில் ஏறியபோது தொட்டியின் அடி தெரிந்தது. நாகுகள் அதைச் சுற்றி நின்று கத்தத் தொடங்கின. எங்களிடம் இருந்தது இரண்டு சைக்கிள்களும் ஒரு வாளியும்.

“அண்ணா, கீழ போய் அந்த அக்ஸெலிட்ட ஒருக்காக் கேப்பம்” என்றேன்.

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். “என்னத்தக் கேக்கிற?”

“மாடு குடிக்கலாமோ எண்டு.”

“உனக்கென்ன விசராடா? தண்ணிக்குப் போற மாட்டுக்கு வழி கேட்டா அதுக்கென்ன கருத்து? நீ மறிக்கிற ஆள் எண்டு நான் நினைக்கிறன் எண்டு அந்த மனிசன்ட முகத்துக்கு நேர சொல்லுறதுதானே. பழக்கமில்லாத மனிசன். முதல் நாளே அப்பிடி ஏசலாமா?”

இதை நான் விளக்கவேண்டும். படுவான்கரையில் மேய்ச்சல் தெரிந்தவர்கள் யாரும் தண்ணீருக்கு வழி கேட்பதில்லை. கேளாமல் ஓட்டிச் செல்வதே மரியாதை. எதிரே நிலத்துக்காரர் வந்தால் அவரும் ஒரு கம்பை முறித்து மாடு சிதறாமல் மறுபக்கம் நின்று ஓட்டிக் கொடுப்பார். குடித்து முடிந்ததும் வெற்றிலை மாறிக்கொள்வார்கள். அண்ணன் செய்தது துணிச்சலோ அலட்சியமோ அல்ல. தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையை அக்ஸெலுக்குச் செய்தார்.

அவர் வேலியைத் திறந்தார். தண்ணீர் வாசம் பிடித்த நாகுகளுக்கு எங்கள் உதவி தேவைப்படவில்லை. அவை சரிவில் ஓடி இறங்கின. கீழே புல்வெளியில் வெட்டிய புல் வரிசை வரிசையாகக் காயப்போட்டிருந்தது. மேலிருந்து பார்த்தபோது அது வெட்டிய புல் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாகுகள் அதன் குறுக்காகவே போய், வரிசைகளைச் சிதறடித்து, ஓடைக்குள் முழங்கால் அளவில் நின்று குடித்தன.

அக்ஸெல் வேகமாக நடந்து வந்தார். உயரமான, சிவந்த முகமுள்ள மனிதர். அண்ணன் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஓடையோரச் செடியில் ஒரு கம்பை முறித்து, இலையை உருவி அவரிடம் நீட்டினார்.

“வாங்கோ, வாங்கோ. அந்தப் பக்கம் மறிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் தமிழிலேயே.

அக்ஸெல் கம்பை வாங்கவில்லை. அவர் உரத்துச் சொன்னதில் முக்கால் பங்கு எனக்கு விளங்கவில்லை. கடைசிச் சொல் அண்ணனுக்கே விளங்கியது: பொலிஸ். சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுப் பக்கம் போனார்.

அண்ணியையும் பிள்ளைகளையும் அழைக்கும் விண்ணப்பம் அப்போது உள்ளூர்ப் பொலிஸ் அலுவலகத்தின் ஊடாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனை அங்கே கூப்பிட்டு விசாரித்துச் சில கிழமைகளே ஆகியிருந்தன. சட்டப்படி மாடும் குடும்பமும் வேறு வேறு விடயங்கள் என்று இன்று நாம் சொல்லலாம். ஊரில் பொலிஸ் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் அன்று அதைச் சொல்லமுடியாது. அண்ணன் அந்தக் கம்பைக் கையில் வைத்தபடியே நின்றார்.

“முடிஞ்சுதா தம்பி?” என்று கேட்டார். “என்ட பிள்ளையள்ட வழிய நானே அடைச்சுப்போட்டனா?”

அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மாடுகளைத் திரும்ப மேட்டில் ஏற்றி வேலியை அடைத்தோம். பிறகு நீல்ஸின் கொட்டகையிலிருந்து இரண்டு புல்வாரிகளை எடுத்துவந்து, மாலை வரைக்கும் அக்ஸெலின் புல்லை மறுபடி வரிசையாக்கினோம். “ஓடிப்போவம்” என்று நான் ஒருமுறை சொன்னேன். அண்ணன், “மாடு அழிச்ச இடத்துக்கு மாட்டுக்காரன் போய் நிக்கோணும். அவன் தேடி வரும் வரைக்கும் ஒளிச்சிருந்தா அதுக்குப் பேர் களவு” என்றார். அதுவும் எங்கள் ஊர் வழக்கம். ஒரு வழக்கம் காலை வாரிவிட்ட நாளில் இன்னொன்றைப் பிடித்து எழுந்து நின்றார்.

அக்ஸெலின் கதவைத் தட்டியபோது அவரது மனைவி காரென் திறந்தார். எங்களைப் பார்த்தார், எங்கள் சட்டையெல்லாம் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தார், உள்ளே வரச்சொல்லிக் கோப்பி ஊற்றினார். அக்ஸெல் மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். சுவரில் தொலைபேசி இருந்தது. அண்ணனின் கண் அதைவிட்டு அகலவில்லை.

“ஏன் கேட்கவில்லை?” என்றார் அக்ஸெல்.

அண்ணன் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்: எங்கள் ஊரில் கேட்டால் அது வசை, நீங்கள் தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கும் மனிதர் என்று சொன்னதாகிவிடும்.

காரென் சிரித்தார். “இங்கே கேட்காமல் விட்டால் அதுதான் வசை” என்றார். “நீல்ஸ் ஒரே ஒரு தடவை வந்து கேட்டிருந்தால் இவர் அன்றைக்கே வேலியைத் திறந்திருப்பார்.”

“அவன் கேட்கட்டும் என்றுதான் இருக்கிறேன்” என்றார் அக்ஸெல்.

அண்ணன் என்னைப் பார்த்து, “அப்ப இவ்வளவு காலமும் தண்ணி மேட்டுக்கு ஏறாம இவங்கள் ரெண்டு பேரிட தொண்டைக்குள்ளதான் கிடந்திருக்கு. சொல்லு” என்றார்.

“அண்ணா, இதையும் சொல்லவா? பொலிஸ் கதை கிடக்கு...”

“சொல்லுகா.”

சொன்னேன். அக்ஸெலின் முகம் இறுகியது. பிறகு ஏதோ ஒரு பக்கமாக இளகியது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்து, “சரி. நீல்ஸ் வேண்டாம். நீ கேள்” என்றார்.

எனக்கு அது மிக எளிதான காரியமாகப் பட்டது. அண்ணனுக்கு அப்படியல்ல. விருந்து தந்தவரை அவருடைய வீட்டில் வைத்தே ஏசச் சொன்னால் ஒருவர் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தார். கோப்பி ஆறியது. பிறகு எழுந்து நின்றார். மொழிபெயர்க்க வாய் திறந்த என்னைக் கையால் மறித்து, மொழிப்பாடசாலையில் படித்த சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, டேனிஷில் தானே கேட்டார்: “எங்கள் மாடுகள் உங்கள் ஓடையில் தண்ணீர் குடிக்கலாமா?”

“வெர்ஸ்கோ” என்றார் அக்ஸெல். கடைக்காரர் மீதிக் காசைத் தரும்போதும், வீட்டுக்காரர் கேக்கை நீட்டும்போதும் சொல்லும் அதே சொல். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

பொலிஸ் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பும் வழியில் அண்ணன், “சொல்லிப்போட்டானா இல்லையா எண்டு நீயாவது கேட்டிருக்கலாம்” என்றார். “கேக்கிறது வசையெண்டு நீங்கதானே சொன்னீங்க” என்றேன். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

நீல்ஸ் திரும்பி வந்து முதலில் வெட்கப்பட்டார், பிறகு கோபப்பட்டார், பிறகு வேலிக்கட்டைகள் வாங்கினார். அடுத்த வசந்தத்துக்குள் மேட்டிலிருந்து ஓடை வரைக்கும், புல்வெளியைத் தொடாமல், இருபுறமும் வேலியிட்ட ஒரு மாட்டுப்பாதை இறங்கியது. ஓடைக்கரையில் மூஞ்சிப் பம்பு ஒன்றை அக்ஸெலே வைத்துக் கொடுத்தார். மாடு கிண்ணத்துக்குள் இருக்கும் தகட்டை மூஞ்சியால் தள்ளினால் தண்ணீர் ஏறும். அண்ணனுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. “இந்த நாட்டில மாட்டையும் வேலைக்கு விட்டுட்டாங்கள்” என்றார். ஒரு நாகு பழகியது. அதைப் பார்த்து மற்றவை பழகின. அந்தக் கோடையில் மேட்டுத்தரையில் முன்னைவிட இரண்டு மடங்கு மாடு நின்றது. புல் கூடவில்லை, நிலம் கூடவில்லை. கூடியது ஒரு வழி மட்டுமே. இந்தக் கட்டுரையின் முதல் வரியில் உள்ள படம் அந்தக் கோடையுடையது.

விண்ணப்பத்துக்குப் பதில் உடனே வரவில்லை. இலையுதிர் காலமும் பனிக்காலமும் கழிந்தன. தபால் வரும் ஒவ்வொரு நாளும் அண்ணன் அக்ஸெலின் சுவரில் இருந்த தொலைபேசியை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். 1986 பங்குனியில் அனுமதி வந்தது. அண்ணி வந்து இறங்கிய அதே கிழமை அண்ணன் அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அக்ஸெலின் வீட்டுக்குப் போனார். அண்ணி அந்த முதல் காட்சியை இப்போதும் சொல்லுவார்: “நான் நினைச்சன் சொந்தக்காரர் வீட்ட கூட்டிப்போறார் எண்டு. போய்ப் பார்த்தா இவர் வாசல்ல நிண்டு தண்ணி கேக்கிறார். வீட்ட தண்ணி இல்லையாக்கும் எண்டு பயந்துபோனன்.”

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், மாடுகளை மேட்டுக்கு ஏற்றுவதற்கு முன், அண்ணன் அந்த வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் வந்தது. நீல்ஸ் ஓய்வுபெற்றதும் அண்ணனே அந்த மேட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தன் சொந்த நாகுகளை விட்டார். அவற்றின் காதில் அரசாங்க இலக்கம் இருந்தது, குடிக்குறி இல்லை. தைமாதத்தில் பனிக்குள் நின்று பட்டிப் பொங்கலும் பொங்கினார். முழங்கால் தேய்ந்து மாட்டை விட்ட பிறகும் வசந்தத்தில் போய்க் கேட்பதை விடவில்லை. அக்ஸெல் காலமான பிறகு காரெனிடம் கேட்டார்.

இறுதி ஆண்டில் அண்ணனின் சிறுநீரகம் தளர்ந்தது. ஒரு நாளில் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு வைத்தியர்கள் அளவு வைத்தார்கள். அவரிடம் குறை இருக்கவில்லை, கேலி இருந்தது. “எந்த மாட்டையும் மறிக்காத ஆளுக்கு வந்த மறியலைப் பார்” என்பார். ஒவ்வொரு மிடறுக்கும் முன் மகளைக் கூப்பிட்டு, “வெக்கமில்லாமக் கேப்பன், பழக்கமான ஆள்தான்” என்பார். மகள் டேனிஷில் ஏசிக்கொண்டே கொடுப்பாள். கடந்த ஆண்டு ஐப்பசியில், சில்க்போர்க்கில், அனைவரும் சுற்றி இருக்க அண்ணனின் மூச்சு அடங்கியது. கடைசியாக அவர் வாயில் விடப்பட்டது தண்ணீர்.

அண்ணனைப் பல மாதங்கள் வீட்டுக்கு வந்து பராமரித்த கொம்யூன் பணியாளர்களுக்கும், இரவுபகல் பாராத வைத்தியர்களுக்கும், செய்தி கேட்டதும் ஸ்கீவவிலிருந்து வந்து சமையலைப் பொறுப்பேற்ற பழைய நண்பர்களுக்கும், ஹ்விடோவ்ரேயிலிருந்து இறுதிக் கிரியைக்கு வந்தவர்களுக்கும், படுவான்கரையில் அதே நேரத்தில் விளக்கேற்றிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தள்ளாத வயதில் வந்து முன்வரிசையில் இருந்த காரென் அம்மையாருக்குத் தனியாக நன்றி சொல்கிறோம். இந்தக் கட்டுரையை அவருக்கு அண்ணனின் மகள் வாசித்து மொழிபெயர்ப்பாள்.

ஒன்று எஞ்சுகிறது. 1985 யூலையில், அண்ணன் கதவைத் தட்டும் முன், அக்ஸெல் பொலிசுக்கு அழைத்தாரா என்பதை அறிய முயன்றேன். அவர் தொலைபேசியின் பக்கமே போகவில்லை என்று காரென் ஒருமுறை சொன்னார். எடுத்து, பேசி, நாங்கள் போன பின் மறுபடி எடுத்து ‘வேண்டாம்’ என்றார் என்று இன்னொரு முறை சொன்னார். அக்காலக் குறிப்புகள் இப்போது இல்லை என்று பொலிஸ் அலுவலகம் எனக்குப் பதில் தந்தது. அக்ஸெல் உயிரோடு இருந்த காலமெல்லாம் அண்ணனுக்கு அவரிடமே கேட்க வாய்ப்பிருந்தது. ஆண்டுதோறும் அந்த வாசலில் நின்று தண்ணீரைக் கேட்டவர் இதைக் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, “கேட்டா, நீ அப்பிடிச் செய்யிற ஆள் எண்டு நான் நினைக்கிறன் எண்டு சொல்லுறதுதானே” என்றார்.

ஆகவே அந்த அழைப்பு எடுக்கப்பட்டதா இல்லையா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.